பறவை என்று பெயர் பெற்ற பல்லி

பெயரிலே பறவை இருக்கிறது. உடலிலே பறவை இல்லை. அத்தகைய ஓர் உயிரினத்தைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் அறிவியற்பெயர் ஆக்குலுடென்டாவிஸ். இலத்தீன் மொழியில் ஆக்குலஸ் என்றால் கண். டென்ஸ் என்றால் பல். ஆவிஸ் என்றால் பறவை. மூன்றையும் சேர்த்து, கண்ணும் பல்லும் உடைய பறவை என்று பொருள் கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், டைனோசர் காலத்து விலங்குகளிலேயே மிகச் சிறிய பறவை இது என்று உலகத்துச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டு ஜூலை மாதம், அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம், அது பறவையே அன்று, பல்லி வகையைச் சேர்ந்தது என்று வேறோர் ஆய்வுக் குழு விரிவான சான்றுகளோடு எழுதியது.

பதினைந்தே மாதங்களில் ஒரு பறவை பல்லியாகிவிட்டது! உண்மையில் அந்த உயிர் மாறவில்லை. பல கோடி ஆண்டுகளாக அது இருந்தபடியே இருக்கிறது. அதைப் பற்றிய மனிதரின் அறிவுதான் மாறிற்று. ஓர் எலும்பைக் கையில் எடுத்து, 'இது இன்ன விலங்கு' என்று அறிஞர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அத்தீர்மானம் எங்கே வழுக்குகிறது? வழுக்கிய பின் எப்படி நிமிர்கிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் இந்தச் சின்னஞ்சிறு மண்டையோட்டின் வரலாறு விடை தருகிறது.

தஸ்பீஹ் மணியும் மரப்பிசினும்

இந்த மண்டையோடு மண்ணிலிருந்தோ பாறையிலிருந்தோ கிடைத்ததன்று. அம்பர் என்னும் பொன்னிறக் கட்டிக்குள் கிடைத்தது. நம் வீடுகளில் அம்பர் என்றவுடன் அத்தர்க் கடையின் நறுமணமே நினைவுக்கு வரும். அது வேறு பொருள். திமிங்கலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் பொருளுக்கே அரபு மொழியில் அன்பர் என்று பெயர். ஐரோப்பியர் அச்சொல்லை வாங்கிச் சென்று மரப்பிசின் கட்டிக்கும் வைத்துவிட்டனர்.

நாம் இங்கே பேசுவது அந்தப் பிசின் கட்டியைப் பற்றி. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உறவினர் சிலர் விலையுயர்ந்த மஞ்சள் தஸ்பீஹ் கொண்டுவருவார்களே, அந்த மணிகள் செய்யப்படும் கஹ்ருபா இதுதான். கஹ்ருபா என்பது பாரசீகச் சொல். வைக்கோலைக் கவர்வது என்று அதற்குப் பொருள். மணியைத் துணியில் நன்றாகத் தேய்த்து ஒரு சிறு வைக்கோல் துணுக்கின் அருகே கொண்டுபோனால் துணுக்கு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பிற்காலத்தில் அரபு மொழியில் மின்சாரத்துக்கே கஹ்ரபா என்ற பெயர் நிலைத்தமைக்கு இந்தப் பண்பே காரணம்.

பழங்காலத்து மரங்களிலிருந்து வழிந்த பிசின், மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய கட்டியே அம்பர். வழிகிற பிசினில் எறும்பு, ஈ, சிலந்தி, இறகு, இலை முதலியன சிக்கிக்கொள்வதுண்டு. அரிதாகச் சிறு பல்லிகளும் சிக்கும். பாறையில் புதைந்த உயிர்களுக்குப் பெரும்பாலும் எலும்பே மிஞ்சும். அம்பரில் சிக்கியவற்றுக்குச் சில வேளைகளில் தோலும் செதிலும்கூட மிஞ்சும்.

நம் கதைக்குரிய அம்பர், மியான்மர் நாட்டின் வடகோடியில் உள்ள கச்சின் மாநிலத்து ஹுகாங் பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கப்பட்டது. அங்குள்ள அம்பரைச் சூழ்ந்த பாறையில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த சிர்கான் என்னும் நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவற்றில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயதைக் கணக்கிட்டார்கள். சுமார் 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுகள் என்று விடை கிடைத்தது.

கொட்டைப்பாக்கிலும் சிறிய தலை

முதலில் கிடைத்த கட்டிக்குள் ஒரு தலை மட்டுமே இருந்தது. உடல் இல்லை, கால் இல்லை, வால் இல்லை. தலையின் நீளம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். ஒரு கொட்டைப்பாக்கின் குறுக்களவுகூட இல்லை. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் மியான்மர் எல்லையை ஒட்டியுள்ள தெங்சோங் நகரத்து அம்பர் அருங்காட்சியகத்துக்கு அது வந்து சேர்ந்தது.

தோற்றத்தைப் பார்த்தவர் எவருக்கும் பறவை என்றே தோன்றியிருக்கும். மூக்குப்பகுதி நீண்டு கூர்மையாக, அலகு போல் இருந்தது. தலையின் பின்பகுதி குவிந்து உருண்டிருந்தது. தலைக்குப் பொருந்தாத அளவுக்குக் கண்குழி பெரியது. வாய் நிறைய நுண்ணிய பற்கள். மொத்தம் நூறு வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பறவைக்குப் பல் ஏது என்று கேட்பீர்கள். இன்றைய பறவைகளுக்கு இல்லை. டைனோசர் காலத்துப் பறவைகள் பலவற்றுக்கு இருந்தது. ஆகவே பல் இருந்தமை எவரையும் திகைக்க வைக்கவில்லை.

அம்பரை உடைக்காமல், ஊடுகதிர் படங்களை அடுக்கடுக்காக எடுத்து, கணினியில் அந்த மண்டையோட்டை முழு உருவமாகக் கட்டியெழுப்பினார்கள். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே முறைதான். நுணுக்கம் மட்டும் பலமடங்கு அதிகம். இன்று உலகிலுள்ள பறவைகளுள் மிகச் சிறியது கியூபாத் தீவில் வாழும் தேனீ ஹம்மிங் பறவை. அதற்கு இணையான சிறுமையுடைய பறவை டைனோசர்களோடு வாழ்ந்தது என்ற செய்தி 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற ஆய்விதழின் முகப்பை அலங்கரித்தது. அம்பரை வழங்கிய பெண்மணியின் பெயரைச் சேர்த்து ஆக்குலுடென்டாவிஸ் கௌங்ராயே என்று முழுப்பெயர் சூட்டினார்கள்.

சாட்சிகளை விசாரித்தல்

கட்டுரை வெளியான சில நாட்களுக்குள்ளேயே பல நாட்டு அறிஞர்கள் ஐயம் எழுப்பினார்கள். சீனாவிலிருந்தே ஒரு குழுவினர் எழுத்து வடிவில் மறுப்பு வெளியிட்டார்கள். அவர்கள் புதிய பொருள் எதையும் கண்டெடுக்கவில்லை. அதே மண்டையோட்டை, அதே படங்களை, வேறு கேள்விகளோடு பார்த்தார்கள்.

பல்லியா, பறவையா என்று எலும்பிடம் எப்படிக் கேட்பது? ஒரு வழக்கில் சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரிப்பதுபோல், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையை நீங்களும் உடனிருந்து பாருங்கள்.

முதல் சாட்சி, பல். பல் இருக்கிறதா என்பதைவிட, பல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். முதலைக்கும் டைனோசருக்கும் பல்லுடைய பழம்பறவைக்கும் ஒவ்வொரு பல்லும் தாடையில் தனித்தனிக் குழிக்குள் நடப்பட்டிருக்கும். நம் வாயிலும் அப்படியே. பல்லிக்கும் ஓணானுக்கும் அப்படியன்று. பற்கள் தாடை எலும்பின் உட்பக்கத்திலோ விளிம்பிலோ நேராக ஒட்டிக்கொண்டிருக்கும். அம்பர்த் தலையின் பற்கள் ஒட்டிய பற்களே. முதற் குழுவினரும் இதைக் கண்டு எழுதியிருந்தார்கள். ஆனால் உடல் மிகவும் சிறுத்ததால் ஏற்பட்ட வினோதம் என்று அதற்கு விளக்கம் கூறியிருந்தார்கள். பல்வரிசையின் நீளமும் பறவைக்குரியதாக இல்லை. மேல்தாடையின் பற்கள் கண்ணுக்குக் கீழ் வரை நீண்டிருந்தன.

இரண்டாம் சாட்சி, ஒரு திறப்பு. பறவையின் மண்டையோட்டில் கண்குழிக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே இன்னொரு திறப்பு இருக்கும். டைனோசர்களுக்கும் இது உண்டு. அம்பர்த் தலையில் அது இல்லை.

மூன்றாம் சாட்சி, கண்வளையம். பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் விழிக்குள் சிறுசிறு எலும்புத் தகடுகள் சேர்ந்த வளையம் ஒன்று உண்டு. மனிதருக்கு அது கிடையாது. இந்தத் தலையின் தகடுகள் ஒவ்வொன்றும் கரண்டி வடிவில் இருந்தன. கரண்டி வடிவம் பல்லிகளுக்கு உரியது.

நான்காம் சாட்சி, கன்னத்தின் அடிப்பகுதி. பறவைக்குக் கண்ணின் கீழிருந்து தாடை மூட்டு வரை மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று செல்லும். பல்லிக்கு அந்தப் பாலம் பாதியிலேயே நின்றுவிடும். இங்கேயும் நின்றிருந்தது.

ஐந்தாம் சாட்சி, மண்டையோட்டின் எலும்பு ஒன்று. பல்லிகளும் பாம்புகளும் அடங்கிய செதிலுடைய ஊர்வனவற்றில் அந்த எலும்பு ஹாக்கி மட்டை போல் வளைந்திருக்கும். அம்பர்த் தலையிலும் வளைந்திருந்தது.

இப்பொழுது தீர்ப்பை நீங்களே எண்ணிப்பாருங்கள். பறவை என்று சொன்னவை எவை? தலையின் வெளித்தோற்றம், அலகு போன்ற மூக்கு, பெரிய கண். பல்லி என்று சொன்னவை எவை? பல் பொருந்திய விதம், இல்லாத திறப்பு, கண்வளையத் தகடு, நின்றுபோன பாலம், வளைந்த மண்டையோட்டு எலும்பு. முன்னவை கண்ணைக் கவர்பவை. பின்னவை தேடிப் பார்த்தால்தான் தெரிபவை. வெளித்தோற்றத்தை வாழும் முறை வடிவமைக்கும். கடலில் நீந்தும் திமிங்கலம் மீனைப் போல் தோன்றுவதும், கால் இழந்த சில பல்லியினங்கள் பாம்பைப் போல் தோன்றுவதும் அதனாலேயே. பல் எப்படிப் பொருந்தியது, மூட்டு எப்படி அமைந்தது என்பவை அவ்வளவு எளிதில் வாழ்க்கைமுறைக்கு வளைந்து கொடுப்பதில்லை. வகைப்படுத்துவோர் பளிச்சென்ற தோற்றத்தைவிட இத்தகைய நுணுக்கங்களுக்கு மிகுந்த எடை தருவதற்குக் காரணம் இதுவே.

கேள்விக்குள் ஒளிந்திருந்த பிழை

இவ்வளவு சாட்சிகள் இருந்தும் தேர்ந்த அறிஞர்கள் எப்படித் தவறினார்கள்? இங்கேதான் நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

ஒரு புதைபடிவத்தை வகைப்படுத்த இக்காலத்தில் பெரிய அட்டவணை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் பல விலங்குகளின் பெயர்கள். மறுபக்கம் நூற்றுக்கணக்கான உடற்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 'உண்டு', 'இல்லை' என்று குறித்துக் கணினியிடம் கொடுத்தால், புதிய விலங்கு எதற்கு நெருங்கிய உறவு என்று அது கணக்கிட்டுச் சொல்லும். முதற் குழுவினரும் அப்படியே செய்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது பழம்பறவைகளின் உறவை ஆராய்வதற்கென்று ஆக்கப்பட்ட அட்டவணை. பல்லிகளை அதில் வைத்து ஒப்பிடவில்லை.

ஒரு தெருவில் உள்ளவர்களின் புகைப்படங்களை மட்டும் காட்டி, 'இந்தக் குழந்தை இவர்களில் யாருடைய சாயல்?' என்று கேட்டால் என்ன நடக்கும்? குழந்தை வேற்றூரைச் சேர்ந்ததாக இருந்தாலும், பார்ப்பவர் அந்தத் தெருவாரில் ஒருவரையே சுட்டுவார். 'எந்தப் பறவை?' என்று கேட்ட கணினி ஒரு பறவையின் இடத்தைக் காட்டிற்று. 'பறவைதானா?' என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை.

எண்ணும் கணக்கும் கணினியும் இருந்துவிட்டால் பிழை நேராது என்று நினைக்கிறோம். கணக்கு தொடங்குவதற்கு முன்பே, எதை எதோடு ஒப்பிடுவது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் மனிதரின் எதிர்பார்ப்பு நுழைந்துவிடுகிறது.

இரண்டாவது சாட்சியம்

மறுப்புகள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், அதே ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னோர் அம்பர்க் கட்டியும் ஆராயப்பட்டுக் கொண்டிருந்தது. அது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இரத்தினக்கல் ஆய்வாளர் அடால்ஃப் பெரட்டியின் அறக்கட்டளை அருங்காட்சியகத்தில் இருந்தது. அதற்குள் இருந்ததும் ஏறத்தாழ அதே அளவான தலை. ஆனால் இம்முறை தலையோடு உடலின் முற்பகுதி எலும்புகளும், தோலும், அந்தத் தோலின் மேல் செதில்களும் இருந்தன. தோள் எலும்புகளின் அமைப்பும் பல்லிக்குரியதாகவே இருந்தது. பறவைக்கு உடலெங்கும் இறகு இருந்திருக்க வேண்டுமே! அதன் சுவடுகூட இல்லை.

இந்த இரண்டாம் மாதிரியைப் பற்றிய செய்தி எட்டியபின், 2020 ஜூலை 22ஆம் தேதி முதற்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எலும்புகளைப் பற்றிய வருணனை சரியானதே. ஆனால் உறவுமுறை பற்றிய முடிவு ஐயத்துக்குரியதாகிவிட்டது. தவறான செய்தி நூல்களில் நிலைத்துவிடக் கூடாது. இதுவே அதை எழுதியவர்கள் காட்டிய காரணத்தின் சாரம்.

2021 ஜூன் மாதம் 'கரண்ட் பயாலஜி' என்னும் ஆய்விதழில் ஆர்னாவ் போலெட், எட்வர்ட் ஸ்டான்லி, ஹுவான் தியெகோ தாசா, சூசன் எவான்ஸ் முதலியோர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. அவர்கள் பறவை, முதலை, பல்லி என்று பலவகை விலங்குகளையும் உள்ளடக்கிய அட்டவணைகளில் இரு மாதிரிகளையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பல்லிகளின் பக்கமே சென்று சேர்ந்தன. இரண்டாவது மாதிரி சற்று வேறுபட்டிருந்ததால், அப்பகுதியில் வாழும் நாகா மக்களைப் போற்றும் வகையில் ஆக்குலுடென்டாவிஸ் நாகா என்று தனிப்பெயர் சூட்டினார்கள். அதன் மூக்கின் மேல் நீண்ட முகடு ஒன்றும், தாடையின் கீழ்த் தொங்கும் தளர்ந்த தோலும் இருந்தன. இன்றைய ஓணான் வகைகள் சில தொண்டைத் தோலை உப்பிக் காட்டுவதுபோல் இதுவும் காட்டியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

தோற்றம் ஏமாற்றியதன் காரணத்தையும் அவர்கள் கண்டறிந்தார்கள். அம்பருக்குள் கிடந்த நெடுங்காலத்தில் இரு தலைகளும் நசுங்கியிருந்தன. ஆனால் வெவ்வேறு விதமாக. முதல் தலையின் மூக்குப்பகுதி பக்கவாட்டில் நெருக்கப்பட்டு ஒடுங்கிவிட்டது. அதனால் அலகு போன்ற தோற்றம் மிகுந்தது. இரண்டாம் தலையில் மூளையைச் சூழ்ந்த பின்பகுதி அழுந்திவிட்டது; அதனால் பல்லித் தோற்றம் மிகுந்தது. கணினியில் அந்த நசுங்கலை நீக்கிப் பார்த்தபோது இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. முதல் தலை மட்டுமே கிடைத்திருந்தால் இந்த நசுங்கலை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்க முடியாது. இரண்டாவது சாட்சி வந்து நின்றபோதுதான் முதல் சாட்சியின் சொல்லில் எது உண்மை, எது திரிபு என்று பிரித்தறிய முடிந்தது.

பல்லி என்பது தெளிவாகிவிட்டது. எந்தப் பல்லிக் குடும்பம் என்று கேட்டால், அந்தக் கட்டுரையாளர்களும் உறுதியாக விடை சொல்லவில்லை. இன்று வாழும் எந்தக் குடும்பத்தோடும் அது எளிதாகப் பொருந்தவில்லை. தெரிந்த அளவில் நின்று, மேலே செல்லாமல் விட்டது அக்கட்டுரையின் சிறப்புகளுள் ஒன்று.

பெயர் மட்டும் மாறவில்லை

பறவை இல்லையென்று தெரிந்தபின் பெயரை மாற்றவேண்டாமா என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விலங்குகளுக்குப் பெயரிடுவதில் உலகப் பொதுவான விதித்தொகுப்பு உண்டு. முறைப்படி முதலில் வெளியிட்ட பெயரே நிலைக்கும் என்பது அதன் அடிப்படை. பெயரின் பொருள் பொருந்தவில்லை என்பது அதை நீக்கப் போதிய காரணம் ஆகாது. பொருள் பொருந்தவில்லை என்று ஒவ்வொருவரும் மாற்றத் தொடங்கினால் ஒரே விலங்குக்குப் பத்துப் பெயர்கள் வந்து, ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்காமல் போகும்.

இதற்கு நேரெதிரான முன்னுதாரணமும் உண்டு. 1834ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஹார்லன், மிகப் பெரிய முதுகெலும்புகளைக் கண்டு கடல் ஊர்வன என்று கருதி, பேசிலோசாரஸ் என்று பெயரிட்டார். பல்லிகளின் அரசன் என்று பொருள். 1839ஆம் ஆண்டு ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அதன் பற்களை ஆராய்ந்தார். கடைவாய்ப் பற்களுக்கு இரட்டை வேர் இருந்தது. இரட்டை வேர் பாலூட்டிகளின் அடையாளம். 'பல்லியரசன்' என்பது உண்மையில் ஒரு பழந்திமிங்கலம்! அதற்கு ஓவன் வேறு பெயர் முன்மொழிந்தார். ஆயினும் பழைய பெயரே நிலைத்தது. இப்படியாகப் பல்லி என்று பெயர் கொண்ட திமிங்கலமும், பறவை என்று பெயர் கொண்ட பல்லியும் அறிவியல் ஏடுகளில் இன்றும் உள்ளன.

வல்லவரும் வழுக்கிய இடங்கள்

பிறர் பிழையைப் பல்லைக் கொண்டு கண்டுபிடித்த அதே ஓவனும் பிற்காலத்தில் வழுக்கினார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பகுதியில் கிடைத்த பெரிய முதுகெலும்புகளைக் கொண்டு, 1859ஆம் ஆண்டு அழிந்துபோன மாபெரும் உடும்பு ஒன்றுக்கு மெகலேனியா என்று பெயரிட்டார். அது சரியான முடிவு. பின்னர் அதே வட்டாரத்தில் கொம்புகளுடைய மண்டையோடு ஒன்றும் பாத எலும்புகளும் கிடைத்தபோது அவற்றையும் அதே உடும்புக்கு உரியவையாக்கினார். மண்டையோடு ஓர் ஆமையினுடையது என்று தாமஸ் ஹக்ஸ்லி 1887ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். பாத எலும்புகள் கங்காருவைப் போல் வயிற்றில் பை உடைய ஒரு பாலூட்டியினுடையவை என்பதும் வெளிப்பட்டது. மூன்று விலங்குகளின் எலும்புகள் ஒரே விலங்காகக் கோக்கப்பட்டிருந்தன. ஒரே இடத்தில் கிடைத்தவை ஒரே உடலுக்கு உரியவை ஆகிவிடா என்பது அறிஞர் உலகம் அதில் கற்ற பாடம்.

நம் நாட்டிலும் இதையொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி என்னும் பாறைப்படிவப் பகுதியில் கிடைத்த சிறிய கீழ்த்தாடை ஒன்றை, 2006ஆம் ஆண்டு டிக்கிகுவானியா என்ற பெயரில் வெளியிட்டார்கள். பாறையின் வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அப்படியானால் உலகின் மிகப் பழைய பல்லி நம் நாட்டில் வாழ்ந்தது என்றாகும். ஆனால் 2012ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தத் தாடையை இன்று வாழும் ஓணான்களின் தாடைகளோடு ஒப்பிட்டனர். நம் வேலிகளில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணான் எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ அந்தப் பிரிவின் தாடையிலிருந்து அதைப் பிரித்தறிய முடியவில்லை. மிகப் பிற்காலத்து ஓணானின் தாடை பழைய மண்ணோடு கலந்துவிட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எலும்பின் வடிவத்தை மட்டுமல்லாமல் அது எந்த மண்ணிலிருந்து, எப்படி வந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

அம்பரின் விலை

எப்படி வந்தது என்ற கேள்வி, மியான்மர் அம்பருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். இதைச் சொல்லாமல் விட்டால் இக்கதை அரைக்கதையாகிவிடும்.

ஹுகாங் பள்ளத்தாக்கில் அம்பர் தோண்டும் குழிகள் ஆழமானவை. ஓர் ஆள் இறங்கும் அளவே அகலமானவை. அந்தக் குழிகளுக்குள் இறங்கி எடுப்பவர் ஏழைத் தொழிலாளர். எடுத்த அம்பர் எல்லை கடந்து சீனச் சந்தைகளுக்குச் செல்லும். அந்தப் பகுதியின் ஆட்சிக்காக மியான்மர் இராணுவத்துக்கும் கச்சின் விடுதலைப் படைக்கும் நெடுநாள் போர். 2017 ஜூன் மாதம் இராணுவம் சுரங்கப் பகுதிகளைக் கைப்பற்றத் தொடங்கியது. மக்கள் ஆயிரக்கணக்கில் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். அம்பர் விற்ற பணம் போருக்கு எண்ணெய் ஊற்றியது.

ஆகவே 2020 ஏப்ரல் மாதம், முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களை ஆராய்வோரின் பன்னாட்டுச் சங்கம் ஆய்விதழ்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. 2017 ஜூனுக்குப் பின் மியான்மரில் வாங்கப்பட்ட அம்பர் மாதிரிகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அது. இரண்டாம் மாதிரியை ஆராய்ந்தவர்கள், அது 2017ஆம் ஆண்டுப் போருக்கு முன்பே முறைப்படி பெறப்பட்டது என்பதைத் தம் கட்டுரையோடு சேர்த்தே தெரிவிக்க வேண்டியிருந்தது.

இதில் இரு பக்கமும் வலி இருக்கிறது. அந்த அம்பரை அறிஞர்கள் தொடாவிட்டால் அரிய படிவங்கள் நகைக்கடைகளில் வெட்டப்பட்டு என்றென்றைக்கும் மறைந்துபோகும். தொட்டால், வாங்கிய பணம் யாருடைய கையில் எந்த ஆயுதமாக மாறுகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. அறிவு தேடுவது நல்ல செயல். அந்த அறிவு யாருடைய கண்ணீரைக் கடந்து நம்மிடம் வருகிறது என்று பார்ப்பதும் அதன் ஒரு பகுதியாகத்தான் இருக்க முடியும்.

நம் வீடுகளுக்கு

தஸ்பீஹ் மணிகளுக்குரிய அம்பர் பெரும்பாலும் பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து வருவது. எனினும், உள்ளே பூச்சி தெரியும் அம்பர் என்று யாராவது நகையோ மணியோ காட்டி விலை பேசினால், அது எந்த நாட்டுச் சரக்கு, எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காமல் விடுவதே நலம். போலியாகப் பிளாஸ்டிக்கில் செய்து விற்பவர்களும் உண்டாகையால், அந்தக் கேள்வி உங்கள் பணத்தையும் காக்கும்.

பிள்ளைகளுக்கும் இக்கதையில் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மிகச் சிறிய பறவை என்ற செய்தி முகப்பில் வந்தது. உலகம் முழுவதும் பரவிற்று. அது பறவையன்று என்ற திருத்தம் அந்த வேகத்தில் பரவவில்லை. எந்தச் செய்திக்கும் இது பொருந்தும். வியப்பூட்டும் ஒன்றைப் படித்தால், சில மாதங்கள் கழித்து அதற்கு என்ன ஆயிற்று என்று மறுபடியும் தேடிப்பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்டுங்கள்.

வகுப்பறையில் தவறான விடை எழுதிய மாணவன், அதைச் சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று மறைக்க முயல்வதுண்டு. அவனிடம் இந்தக் கட்டுரையாளர்களைப் பற்றிச் சொல்லலாம். உலகப் புகழ்பெற்ற இதழில் வெளியான தம் முடிவு ஐயத்துக்குரியது என்று தெரிந்தபின், நான்கே மாதங்களில் தம் பெயரோடு அதை அறிவித்தார்கள். அவர்கள் எலும்புகளை வருணித்த விதத்தில் பிழையில்லை. எனவே அந்த வருணனை பின்வந்தவர்களுக்கும் பயன்பட்டது.

இன்றிரவு உங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஒன்று விளக்கின் அருகே வந்து நின்றால் துடைப்பத்தை எடுக்குமுன் சற்று உற்றுப் பாருங்கள். அதன் வாய்க்குள்ளும் நுண்ணிய பற்கள், ஒரு குழியுமின்றித் தாடையோடு ஒட்டியபடி வரிசையாக இருக்கின்றன.